திருகோணமலையில் என் மாப்பிள்ளை காட்டிய தீவுகள்

வெளிநாடு போய் வந்தவர்கள் எழுதும் கட்டுரைகளை நான் பல வருஷமாக விடாமல் படித்து வருகிறேன். எல்லோரும் ஒரு விஷயத்தில் ஒத்துப்போகிறார்கள். ஊருக்குள் நுழைந்ததும் ஒரு மலைமேல் ஏறுகிறார்கள். கீழே நீலக்கடல் தெரிகிறது. கடலில் தீவுகள் தெரிகின்றன. கட்டுரையாளருக்குக் கண் கலங்குகிறது. பிறகு இறங்கி வந்து, அந்த ஊர்க் காப்பி சரியில்லை என்கிறார்.

எனக்கும் அப்படி ஒரு கட்டுரை எழுதவேண்டும் என்று ஆசை. ஆனால் நான் ராயபுரத்தில் இருக்கிறேன். எங்கள் பக்கம் மலை கிடையாது. துறைமுகத்தில் கப்பலிலிருந்து இறக்கிக் குவிக்கிற நிலக்கரிதான் எங்களுக்குத் தெரிந்த உயரம். அதன்மேல் ஏறிப் பார்த்தால் அடுத்த நிலக்கரிக் குவியல் தெரியும். தீவு வேண்டும் என்பவர்கள் அடைமழையில் தண்டையார்ப்பேட்டைக்கு வந்தால், தண்ணீருக்கு நடுவில் தனித்தனியாக நிற்கும் வீடுகளைப் பார்த்துப் போகலாம்.

துறைமுகத்தில் எனக்கு மூட்டை எண்ணும் குமாஸ்தா உத்தியோகம். எந்த ஊர்ச் சரக்கு என்று மூக்கால் சொல்லிவிடுவேன். அந்த ஊர்களில் ஒன்றையும் பார்த்ததில்லை. மீன்பிடிக்கிற குடும்பத்தில் பிறந்து, நாலு எழுத்துப் படித்து, கடலுக்குப் போகாமல் தப்பித்த முதல் ஆள் நான். இதில் எனக்கு உள்ளூரப் பெருமைதான்.

என் தங்கை தேசம்மா காசிமேட்டுக் குப்பத்தில் வாழ்க்கைப்பட்டவள். கூடையில் மீன் எடுத்துத் தெருத்தெருவாக விற்கிறாள். அவள் குரல் கொடுத்தால் அடுத்த தெருப் பூனைகள்கூட எழுந்து நிற்கும். அவள் புருஷன், அதாவது என் மாப்பிள்ளை ஏழுமலை, அதற்கு நேர்மாறு. பெயரில் ஏழு மலை இருந்தாலும், ஆள் இருக்கிற இடமே தெரியாது. அவர் ஒரு வாக்கியத்தை ஆரம்பிப்பார், தேசம்மா முடித்துவைப்பாள். கல்யாணமானதிலிருந்து அந்த வீட்டில் இப்படித்தான் பேச்சு நடந்துவந்தது.

போன ஐப்பசியில் அவர் கட்டுமரம் போட்டுக்கொண்டு கடலுக்குப் போனார். கூட்டாளிக்குக் காய்ச்சல் என்பதால் தனியாகப் போனார். மத்தியானம் காற்று திரும்பியது. மற்ற கட்டுமரங்கள் அடித்துப் பிடித்துக் கரை சேர்ந்தன. அவர் வரவில்லை. தேசம்மா கரையிலேயே உட்கார்ந்திருந்தாள். அவளை எழுப்பி வீட்டுக்கு அழைத்துப் போக எங்களுக்கு வெகுநேரம் பிடித்தது. பிறகு ஊர்ப் பெரியவர்கள் கூடி, இனிக் காத்திருப்பதில் பயனில்லை என்றார்கள். கருமாதி நடந்தது. அவள் பொட்டை அழித்தார்கள், தாலியை வாங்கினார்கள். சாப்பாடு நன்றாக இருந்தது என்று எல்லோரும் சொன்னார்கள்.

சித்திரையில் துறைமுகத்துக்கு ஒரு பாய்மரத் தோணி வந்தது. அதை ஓட்டிவந்த கிழவர் என்னிடம் மூட்டைக் கணக்கு ஒப்படைக்கும்போது பேச்சுவாக்கில் கேட்டார்: "காசிமேட்டுல ஏழுமலைன்னு ஒருத்தன் உண்டா? கடலூருக்குத் தெற்கே மிதந்துக்கிட்டிருந்தான். எடுத்துப்போட்டு, திருகோணமலையில கொண்டுபோய் இறக்கிவிட்டோம். வழிபூரா என் வெங்காய மூட்டைமேல தூங்கினான்."

நான் கணக்கை அப்படியே விட்டுவிட்டுக் காசிமேட்டுக்கு ஓடினேன். குப்பத்தில் சந்தோஷம் ஒருபுறம், குழப்பம் ஒருபுறம். கருமாதிச் சோறு சாப்பிட்டவர்களுக்குத் தோஷம் உண்டா என்று ஒரு கூட்டம் விசாரிக்க ஆரம்பித்தது. தேசம்மாவின் மாமியார், "கண்ணால பாக்காம பொட்டு வைக்காதே" என்றாள். தேசம்மா குங்குமத்தை ஒரு காகிதத்தில் மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள். "அண்ணே, உனக்கு இங்கிலீஸ் தெரியும். கெளம்பு" என்றாள்.

இப்படித்தான் எனக்கு வெளிநாட்டுப் பயணம் வாய்த்தது. தங்கையின் துயரத்தில் எனக்கு ஒரு மலையும் சில தீவுகளும் கிடைக்கப்போகின்றன என்று மனசின் ஒரு மூலை குதித்தது. அந்த மூலையை நான் அடக்கவில்லை.

இலங்கைக்குக் கப்பல் ஏறிய நாளில் காற்று பலமாக இருந்தது. கடலைப் பற்றி நாலு வரி குறித்துக்கொள்ள மேல்தட்டுக்குப் போனேன். ஒரு வரிகூட எழுதவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு குனிந்தவன், அக்கரை வந்த பிறகுதான் நிமிர்ந்தேன். தேசம்மா என் பக்கத்தில் சம்மணமிட்டு உட்கார்ந்து, தூக்குச்சட்டியிலிருந்த மீன்குழம்புச் சோற்றை ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டாள்.

"இன்னாண்ணே, நம்ம அப்பன் பேரக் கெடுக்கறியே" என்றாள். கப்பலில் இருந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

அக்கரையில் சுங்க அதிகாரி எங்கள் மூட்டையைப் பிரிக்கச் சொன்னார். உள்ளே ஒரு வாழைமட்டைப் பொட்டலம். "இது என்ன?" என்று இங்கிலீஷில் கேட்டார். நான் தகுந்த சொல்லைத் தேடுவதற்குள் தேசம்மா பொட்டலத்தை அவர் மூக்குக்கு நேரே நீட்டிவிட்டாள்.

"வஞ்சிரக் கருவாடு நைனா. மோந்து பாரு, சோக்கா கீது."

அவர் மோந்து பார்த்தார். பிறகு எங்களையும், எங்களுக்குப் பின்னால் நின்ற வரிசை முழுவதையும் சோதனை செய்யாமலே போகச் சொன்னார். ஒரு வியாபாரி வெளியே வந்ததும் தேசம்மாவைக் கும்பிட்டார்.

அதன்பிறகு ரயில். நாங்கள் ஏறிய பெட்டியில் கூட்டமே இல்லை. காலை நீட்டிப் படுத்துக்கொண்டு, நம் ஊர் வண்டிகளின் நெரிசலை இகழ்ந்துகொண்டு போனேன். ஒரு சந்திப்பில் எங்கள் பெட்டியைக் கழற்றி ஓரமாகத் தள்ளிவிட்டு ரயில் போய்விட்டது. கூட்டம் ஏன் இல்லை என்பது அப்போதுதான் விளங்கியது.

தேநீர் விற்கிறவர் ஒருவர் ஜன்னலருகே வந்தார். "இந்தப் பெட்டி இஞ்சதான் நிக்கும். முன்னுக்குள்ள பெட்டியிலயெல்லோ ஏறியிருக்கோணும்" என்றார்.

"இன்னா சொல்றாரு?" என்று தேசம்மா என்னைக் கேட்டாள். சொன்னேன்.

"இத்த ஏறச்சொல்லோ சொல்றதுக்கு இன்னா? கொட்டாவி வுட்டுகினு இருந்தானுங்களா? பேமானிங்க!"

"என்ன கதைக்கிறா? தெலுங்கோ?" என்று அவர் என்னைக் கேட்டார்.

"முன்பே தெரிந்திருந்தால் சௌகரியமாக இருந்திருக்கும் என்கிறாள்" என்று மொழிபெயர்த்தேன். அன்றிலிருந்து ஊர் திரும்பும்வரை தமிழைத் தமிழில் மொழிபெயர்ப்பதே என் முழுநேர வேலையாயிற்று. இரண்டு பக்கமும் நான் சொன்னதைத்தான் நம்பின.

அவர் கொடுத்த தேநீரில் பாலும் இல்லை, இனிப்பும் இல்லை. சர்க்கரையை உள்ளங்கையில் வைத்தார். அதை நக்கிக்கொண்டே குடிக்கவேண்டுமாம். "கலக்கறதுக்கு ஒரு ஆளு இல்லியா இந்த ஊர்ல?" என்றாள் தேசம்மா. அடுத்த வண்டி வரும்வரை அவளே மூன்று குவளை குடித்தாள்.

திருகோணமலையில் கந்தையர் என்பவர் வைத்திருந்த தேநீர்க்கடையின் பின்னறையில் தங்கினோம். யாழ்ப்பாணத்துக்காரர்; நல்ல மனுஷர். இடியாப்பமும், தேங்காய்ப்பாலில் செய்த சொதி என்ற இளமஞ்சள் குழம்பும் வைத்தார். தேசம்மா சொதியைப் பார்த்து, "மீன் கழுவின தண்ணி மாதிரி கீதே" என்றாள். "மிகவும் தெளிவாக இருக்கிறது என்கிறாள்" என்றேன். கந்தையருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. இன்னும் ஊற்றினார்.

"எங்கட ஊரில மலையில ஏறி நிண்டு பார்க்கோணும். தீவுகள் எல்லாம் என்ன வடிவு தெரியுமோ! உலகத்திலயே இப்பிடி இல்லை" என்றார்.

"நீங்கள் அடிக்கடி போவீர்களா?"

"நானோ? நான் ஒருநாளும் போகேல்லை. அதுக்குத்தானே வெளியூர் ஆக்கள் வருகினம்."

ஏழுமலையைப் பற்றி விசாரித்தேன். அந்தப் பெயர் அவருக்குத் தெரியவில்லை. காசிமேட்டுக்காரர், கடலில் மிதந்து வந்தவர் என்றதும் துள்ளி எழுந்தார். "ஓ, எங்கட கடல்காரர்! கப்பல் உடைஞ்சு, பலகையைப் பிடிச்சுக்கொண்டு, தீவு தீவாத் தங்கி வந்த மனுசன்! கொழும்பில இருந்து வாற பெரிய மனுசர் எல்லாம் அவரைத் தேடிப் பிடிச்சுத்தான் மலைக்குப் போகினம். அவர் தீவு காட்டினால்தான் பார்த்த மாதிரி."

"கப்பலா?" என்றாள் தேசம்மா. அது அவளுக்கு மொழிபெயர்க்காமலே விளங்கியது.

மறுநாள் காலை கோணேசர் மலைக்குப் போனோம். ஒரு பழைய கோட்டைக்குள் புகுந்து போகவேண்டும். உள்ளே மான்கள் மனிதரைப் பார்த்து ஓடாமல் மேய்ந்துகொண்டிருந்தன. எனக்குச் சிலிர்த்தது. "நம்ம வண்ணாரப்பேட்டை ஆடுங்கதான், கொம்பு ஒண்டி பெருசு" என்றாள் தேசம்மா.

மலை உச்சியில் பாறை செங்குத்தாகக் கடலில் இறங்குகிறது. வடக்கே வெள்ளை மணற்கரை வளைந்து போக, அதன் கோடியில் சின்னஞ்சிறு தீவு ஒன்று புகைபோல் தெரிந்தது. என் வாழ்க்கையின் முதல் மலை, முதல் தீவு. கண் கலங்குவதற்காகச் சிறிது நேரம் காத்திருந்தேன். காற்றில் மண் விழுந்து ஒரு கண் மட்டும் கலங்கியது.

"அண்ணே, தோ கீழ வலை இழுக்கறாங்க பாரு" என்றாள் தேசம்மா. "பாட்டுச் சத்தமே காணோம். மீனு மாட்டல போல." அவள் தீவைப் பார்க்கவே இல்லை. வலையில் ஏதாவது வருகிறதா என்று தெரிந்துகொள்ளும்வரை அந்த இடத்தைவிட்டு நகரவும் இல்லை.

மாப்பிள்ளை அங்கே இல்லை. பூசைக்குத் தேங்காய் விற்ற அம்மாள், "இண்டைக்குப் பின்னேரம் உவர்மலையில நிப்பார்" என்றாள்.

உவர்மலை ஊருக்கு மறுபக்கம். அதன்மேல் ஏறினால் துறைமுகத்தின் உட்கடல் முழுவதும் கீழே கிடக்கிறது. நான்கு பக்கமும் குன்றுகள். நடுவே ஏரிபோல் அசையாத நீர். அந்த நீரில் காடு அடர்ந்த தீவுகள், ஒன்றுக்குப் பின்னால் ஒன்றாக, படுத்திருக்கும் யானைகளைப்போல. ஊரிலிருந்து கிளம்பும்போதே, 'மரகதக் கற்களை வாரி இறைத்தாற்போல' என்று ஒரு வாக்கியத்தைத் தயார் செய்துவைத்திருந்தேன். பார்த்த பிறகு அதை எழுத எனக்கே வெட்கமாக இருந்தது. எந்தக் கட்டுரையிலும் இதைச் சரியாகச் சொன்னவர் இல்லை என்று தோன்றியது. நானும் சொல்லவில்லை.

உச்சியில் ஒரு சிறு கூட்டம் நின்றது. மோட்டாரில் வந்த கொழும்புக் குடும்பம்: காமிராவுடன் ஒரு பருத்த கனவான், குடையுடன் அவர் மனைவி, அவர்களுடைய உறவினர்கள். எல்லோருக்கும் நடுவில், யாரோ துரை போட்டுக் கழித்த வெள்ளைத் தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டு, கையில் பிரம்புடன் ஒருவர் நின்று பேசிக்கொண்டிருந்தார்.

தொப்பிக்குக் கீழே என் மாப்பிள்ளையின் முகம் இருந்தது. சதை போட்டிருந்தது.

"தோ, பச்சையா ஒண்ணு கீது பாருங்கோ. அதுலதான் நான் மொத மொத ஒதுங்கினன். ராவும் பகலும் பாம்பு. பாம்பத்தான் சுட்டுத் துண்ணன். அப்பால பலகையப் புடிச்சிகினு அடுத்த தீவுக்கு நீஞ்சினன். அது ஆன மாதிரி குந்திகினு கீதே, அதேதான்! நடுவால வந்துச்சு ஒரு சுறா. எம்மாம் பெருசு சொல்றீங்கோ? தோ, இந்த ஐயா வந்த மோட்டார் அளவு இருந்துச்சு. வாயத் தொறந்துச்சு பாருங்கோ..."

குடைபிடித்த அம்மாள் "ஐயோ" என்றாள். ஒரே மூச்சில் மாப்பிள்ளை இவ்வளவு பேசி நான் கேட்டதே இல்லை. ஒரு வாக்கியத்தில் காசிமேடும் யாழ்ப்பாணமும் கைகோத்துக்கொண்டு நடந்தன.

தேசம்மாவைத் திரும்பிப் பார்த்தேன். அவள் இடுப்பிலிருந்த காகிதத்தை எடுத்துப் பிரித்தாள். விரலை எச்சிலில் நனைத்துக் குங்குமத்தைத் தொட்டு நெற்றியில் வைத்துக்கொண்டாள். பொட்டு ஒரு பக்கமாகப் போய்விட்டது. பிறகு கூட்டத்தைப் பிளந்துகொண்டு உள்ளே போனாள்.

"யோவ்!"

மலையில் இருந்த பறவைகள் எழும்பின. மாப்பிள்ளையின் தொப்பி கீழே விழுந்தது.

"அப்பால இன்னாச்சு? அந்தச் சுறா வந்து உன் வெங்காய மூட்டையத் துண்ணுட்டுப் போச்சா?"

அவர் வாயைத் திறந்தார், மூடினார். இது எனக்குப் பழக்கமான மாப்பிள்ளை. "தேசம்" என்று ஒரு சொல் மட்டும் வந்தது. தேசம்மா அவர் சட்டையை இரு கையாலும் பிடித்து உலுக்கினாள். உலுக்கிக்கொண்டே அழுதாள். திட்டிக்கொண்டும் இருந்தாள். கரையில் உட்கார்ந்திருந்தபோது அழாத அழுகை அது. நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

கொழும்புக் கனவான் இதையும் நிகழ்ச்சியில் சேர்த்தி என்று நினைத்துக் காமிராவைத் தூக்கினார். "கொஞ்சம் இடப்பக்கம் தள்ளி நில்லுங்கோ அம்மா, தீவு மறையுது" என்றார்.

அவர்கள் போன பிறகு மூவரும் ஒரு பாறையில் உட்கார்ந்தோம். மாப்பிள்ளை குழந்தைகளைப் பற்றிக் கேட்டார். பெரியவள் என் வீட்டில் இருக்கிறாள், சின்னவனுக்குப் பேச்சு வந்துவிட்டது என்றேன். அவர் தலையைக் குனிந்துகொண்டார். தேசம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு, நாளைக்கே கிளம்பலாம் என்றாள்.

"நாளைக்கா? இப்ப எப்படி? சனங்க வர்ற காலமாச்சே இது. நம்மள நம்பிகினு கீறாங்க" என்றார் அவர்.

"இன்னாயா சொல்ற? பொண்டாட்டி புள்ளய வுட்டுட்டு, இங்க குந்திகினு தீவு எண்ணப் போறியா?"

"வூட்ல நான் வாயத் தொறந்தா நீ மூடிடுவே, தேசம். இங்க நான் வாயத் தொறந்தா அவனவன் காமிராவத் தொறக்கறான்."

அவர் அதைச் சண்டையாகச் சொல்லவில்லை. மழை வரும்போல என்று சொல்கிற மாதிரிதான் சொன்னார். தேசம்மா எழுந்து, புடவையில் ஒட்டிய மண்ணைத் தட்டிவிட்டு மலையிறங்கினாள். அன்று சாயங்காலம் கந்தையர் கடையில் அவள் சொதியைக் குறையே சொல்லாமல் சாப்பிட்டாள். எனக்குப் பயமாகிவிட்டது.

அடுத்த நாள் முழுவதும் மாப்பிள்ளை கடை வாசலில் வந்து நிற்பார்; அவள் உள்ளே எழுந்து போவாள். இதற்கு நடுவில் என் கட்டுரை ஞாபகம் எனக்கு. மேலிருந்து பார்த்த தீவுகளைக் கிட்டே போய்ப் பார்க்க ஆசை வந்தது. ஒரு படகில் மூவரும் போய்வந்தால் புருஷன் பெண்சாதிக்குள் சுமுகம் ஏற்படும் என்று எனக்கு நானே ஒரு காரணமும் சொல்லிக்கொண்டேன். கந்தையர் தமக்குத் தெரிந்த படகுக்காரரை ஏற்பாடு செய்தார்.

"கிட்டப் போனா தீவு நல்லாருக்காது மச்சான். மேலேர்ந்து பாக்கறதுதான் சோக்கு" என்றார் மாப்பிள்ளை.

"பாம்பு சுட்டுத் தின்ற இடத்தை நேரில் காட்டுங்க மாப்ளே" என்றேன் நான். கேலியாகத்தான் சொன்னேன். அவரும் எழுந்து கூட வந்தார்.

கடற்கரைச் சாலையில் அவர் மாட்டுவண்டிகளுக்கு மறுபுறமாக, கடைகளை ஒட்டியே நடந்தார். வெயிலுக்காக என்று நினைத்தேன். படகுத்துறை என்பது கடலுக்குள் கொஞ்சதூரம் போகும் மரப்பாலம்தான். தண்ணீர் கண்ணாடிபோல அடி தெரிய இருந்தது. எங்கள் காசிமேட்டு அலையோடு பார்த்தால் அதைக் கடல் என்றே சொல்லமுடியாது. தேசம்மா முதல் ஆளாகப் படகில் குதித்தாள். நானும் எப்படியோ இறங்கினேன். மாப்பிள்ளை படகின் விளிம்பில் ஒரு காலை வைத்தார்.

படகு லேசாக ஆடியது. அவர் பக்கத்திலிருந்த மரத்தூணைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். முகம் வெளுத்துப்போய்விட்டது. அப்படியே தூணோடு சறுக்கிப் பாலத்துப் பலகையில் உட்கார்ந்தார்.

"என்ன, கடல்காரருக்கு விளையாட்டோ?" என்று படகுக்காரர் சிரித்தார்.

தேசம்மா சிரிக்கவில்லை. அவரைப் பார்த்தாள். பிறகு படகிலிருந்து ஏறி, அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"கட்டு பிரிஞ்சிப் போச்சு தேசம்" என்றார் அவர். "காத்து அடிக்கச்சொல்லோ கயிறு ஒண்ணொண்ணா அவுந்துகினே போச்சு. நான் கட்றேன், அது அவுறுது. கட்டை எல்லாம் தனித்தனியாப் போய்டுச்சு. ஒத்தக் கட்டையத்தான் புடிச்சிகினு கெடந்தேன். சுறா வந்திருந்தாக்கூடத் தேவல. ஒண்ணுமே வரல. தண்ணி ஒண்டிதான். தோணிக்காரங்க தூக்கிப் போட்டப்ப என் கையி கட்டைய வுட மாட்டேன்னுடுச்சு."

மலைமேல் சொன்ன கதையில் பாம்பு இருந்தது, சுறா இருந்தது. கயிறு அவிழ்ந்தது இல்லவே இல்லை.

"மேலேர்ந்து பாத்தா அது சும்மா கெடக்குது. சத்தமில்ல. அங்க ஒண்ணும் ஆவறதில்ல எனக்கு. கீழ வந்தா காலு நிக்க மாட்டேங்குது. ஊருக்குப் போணும்னா கப்பல் ஏறணுமே."

"இத்த மொதல்லயே ஏன்யா சொல்லல?"

"காசிமேட்டான் கடலுக்குப் பயந்தான்னு எந்த வாயால சொல்றது?"

தேசம்மா அவர் கையைத் தூணிலிருந்து ஒவ்வொரு விரலாகப் பிரித்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். "நீ கடலுக்குப் போவ வாணாம்யா. கூடைய நான் தூக்கிகினுதானே கீறேன். நீ வூட்டுக்கு ஒண்டி வா." பிறகு என்னைப் பார்த்து, "நீ போய் உன் தீவப் பாத்துட்டு வாண்ணே. நாங்க பேசிகினு இருக்கோம்" என்றாள்.

படகிலிருந்து தலையை மட்டும் நீட்டிக்கொண்டிருந்த நான் உள்ளே உட்கார்ந்தேன். கடலுக்குப் போகாமல் தப்பித்தவன் என்று நான் பெருமைப்பட்டுக்கொண்டது அந்த நேரத்தில் எனக்கு ருசிக்கவில்லை. படகுக்காரர் துடுப்பைப் போட்டுவிட்டார்.

தீவைப் பற்றியும் எழுதவேண்டும் அல்லவா? துருப்பிடித்த தகரப் பீப்பாய் ஒன்று, முள்செடி, கொசு, இங்கே இறங்கக் கூடாது என்று ஒரு பலகை. பாம்பு ஏதும் கண்ணில் படவில்லை. திரும்பி நின்று பார்த்தேன். சாயங்கால வெயிலில் உவர்மலை பொன் நிறமாக நின்றது. தீவிலிருந்து பார்க்க மலைதான் அழகு.

செத்தவரை உயிரோடு ஊருக்கு அழைத்துப் போக எத்தனை மேஜைகளின் முன்னால் நிற்கவேண்டும் என்பதை விவரித்தால், இந்தக் கட்டுரை விண்ணப்பமாக மாறிவிடும். ஓர் அதிகாரி மாப்பிள்ளை உயிரோடிருப்பதற்கு அத்தாட்சி கேட்டார். தேசம்மா மாப்பிள்ளையை நறுக்கென்று கிள்ளினாள். அவர் கத்தியதும் அதிகாரி கையெழுத்துப் போட்டார். கரையில் வேலை பார்த்துத் தருகிறேன் என்று மாப்பிள்ளைக்கு நான் வாக்குக் கொடுத்தேன். அதைக் காப்பாற்றவும் செய்தேன். இப்போது திருவொற்றியூரில் ஒரு கிடங்குக்கு அவர்தான் காவல். கந்தையருக்குத்தான் வருத்தம். "இனி எங்கட தீவுகளை ஆர் காட்டப்போகினம்?" என்று கேட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நீங்களே மலைக்குப் போய்ப் பாருங்களேன் என்றேன். நான் ஏதோ பகிடி விடுகிறேன் என்று நினைத்துச் சிரித்தார்.

கப்பல் ஏறும் நாள் வந்தது. பாலத்தில் மாப்பிள்ளையின் கால்கள் நின்றுவிட்டன. பின்னால் வந்தவர்கள் கூச்சல் போட்டார்கள். தேசம்மா அவர் தலையில் முக்காடுபோல் ஒரு துண்டைப் போட்டு மூடி, தோளைப் பிடித்து உள்ளே தள்ளிக்கொண்டு போனாள். கப்பலின் நடுவில், மூட்டைகளுக்கு நடுவே, எந்தப் பக்கமும் கடல் தெரியாத இடமாகப் பார்த்து உட்காரவைத்தாள். எதிரே தான் உட்கார்ந்தாள். இயந்திரம் அதிர ஆரம்பித்தது. அவர் கண்ணை இறுக மூடிக்கொண்டு அவள் புடவைத் தலைப்பைக் கெட்டியாகப் பிடித்திருந்தார்.

"யோவ், அந்த ஆன மாதிரி தீவு சொன்னியே" என்றாள் தேசம்மா. "அத்த நான் முழுசாக் கேக்கவே இல்ல. சொல்லு."

"இப்பவா?"

"சும்மாத்தானே குந்திகினு கீறே. சுறா வாயத் தொறந்துச்சு. அப்பால?"

மாப்பிள்ளை மெல்ல ஆரம்பித்தார். முதலில் வார்த்தைகள் பல்லில் இடித்துக்கொண்டு வந்தன. சுறாவின் மூக்கில் பலகையால் ஓங்கி அடித்த இடத்தில் குரல் தெளிந்தது. "அய்யய்யோ" என்றாள் தேசம்மா. வெங்காய மூட்டை அவளுக்குத் தெரியும். தோணிக்காரர் சொன்னது எல்லாம் தெரியும். இருந்தும், "அப்பால இன்னா ஆச்சு?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். மூட்டைமேல் சாய்ந்திருந்த பிரயாணிகள் இரண்டு மூன்று பேர் நகர்ந்து கிட்டே வந்தார்கள். கப்பல் குலுங்கும்போதெல்லாம் அவர் நிறுத்துவார். அவள் அடுத்த கேள்வியைப் போடுவாள்.

பாதிக் கடலில் கதை தீர்ந்துவிட்டது. பாம்புத்தீவு, யானைத்தீவு எல்லாம் ஆயிற்று. அவர் கரை சேர்ந்து, திருகோணமலைத் துரைமார் மாலை போட்டதும் ஆயிற்று. அவர் நிறுத்தினார். அலைச் சத்தம் கேட்டது. அவர் கை மறுபடி தலைப்பை இறுக்கியது.

"இன்னொரு தீவு சொல்லு" என்றாள் தேசம்மா.

"அம்மாந்தான் தேசம். வேற இல்ல."

"இருக்கும்யா. யோசிச்சுப் பாரு."

அவர் யோசித்தார். பிறகு, எந்த வரைபடத்திலும் இல்லாத ஒரு தீவைச் சொல்ல ஆரம்பித்தார். அங்கே எங்கே தோண்டினாலும் நல்ல தண்ணீர் வருமாம். சனங்கள் இரண்டு மாடி வீடு கட்டிக் குடியிருந்தார்களாம். கடல் பக்கம் மட்டும் ஜன்னலே வைக்கமாட்டார்களாம். நான் வாந்திக்காகக் கம்பியருகே போனவன், தெற்கே நிஜமான மணல்திட்டுகள் வெள்ளை வெளேரென்று வரிசையாகக் கிடப்பதைப் பார்த்தேன். கப்பலில் ஒருவரும் அந்தப் பக்கம் திரும்பவில்லை. எல்லோரும் மாப்பிள்ளையின் தீவில் இருந்தார்கள்.

கப்பல் கரையில் இடித்து நின்றது. பலகை போட்டார்கள். எல்லோரும் மூட்டையைத் தூக்கிக்கொண்டு எழுந்தார்கள். மாப்பிள்ளை கண்ணை மூடியபடி சொல்லிக்கொண்டே இருந்தார். கரை வந்துவிட்டது என்று தேசம்மா சொல்லவில்லை. அவர் முடிக்கட்டும் என்று காத்திருந்தாள்.